தழை மட்டும் வளரும் தோட்டமும், விலை சொல்ல வராத நாவும்

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம், செம்மண், போர்த் தண்ணீர். ஒரு சென்ட்டில் கத்தரி, தக்காளி, வெண்டை, கொஞ்சம் கீரை. மீதியில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை. மாசியில் நட்டேன். வாரம் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து இருபது செடிக்கு ஊற்றுகிறேன். வாரம் 20 லிட்டர் ஜீவாமிர்தம், அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு எல்லாம் போடுகிறேன். ஆன்லைனில் நான்கு பாட்டில் வளர்ச்சி ஊக்கியும் வாங்கினேன். தக்காளி ஆள் உயரம் நிற்கிறது, பூவெல்லாம் உதிர்கிறது. வெண்டையின் துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. வீட்டுக்காரர் "காசைக் கரைக்கிறாய்" என்கிறார். விற்று நாலு காசு பார்க்க ஆசை. ஆனால் யார் வந்து கேட்டாலும் விலை சொல்ல வாய் வராமல் சும்மா கொடுத்துவிடுகிறேன். மகளிர் குழுவில் எழுந்து பேசினால் குரல் நடுங்குகிறது. குழுவில் 20,000 ரூபாய் கடன் தருகிறார்கள். அதில் நிழல்வலையும் மண்புழு உரத் தொட்டியும் போடலாமா?

பதில்: சகோதரி, உங்கள் செடிகளுக்குப் பசி இல்லை, அஜீரணம். இயற்கை உரம் எவ்வளவு போட்டாலும் கெடுக்காது என்ற நம்பிக்கைதான் இங்கே வேலையைக் காட்டியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 7 சதவீதம். ஒரு கிலோவில் 70 கிராம். அது ஏறக்குறைய 150 கிராம் யூரியாவில் உள்ள அளவு. இருபது செடிக்குப் பிரித்தால் செடிக்கு வாரம் மூன்றரை கிராம். கத்தரிக்கு முழுப் பருவத்துக்கும் பரிந்துரைப்பது எக்டருக்கு 100 கிலோ தழைச்சத்து. 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் செடி ஒன்றுக்கு அதுவும் மூன்றரை கிராம் சொச்சம்தான். ஆக, ஒரு செடி ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டியதை நீங்கள் வாரா வாரம் ஊற்றியிருக்கிறீர்கள். புண்ணாக்கு அவ்வளவும் உடனே கரைந்து வேருக்குப் போய்விடாது என்றாலும், ஊறவைத்தது வேகமாகவே போகும். தழைச்சத்து மிகுந்த செடி இலையும் தண்டுமாக ஏறுமே தவிர, பூவைத் தக்கவைக்காது. அசுவினியும் வெள்ளை ஈயும் அந்த மெத்தென்ற தழையைத் தேடித்தான் வரும்.

பூ உதிர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாசியில் நட்ட தக்காளி பூக்கிற நேரம் பங்குனி, சித்திரை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்து பூ கொட்டிவிடும். அதற்கு எந்தப் பாட்டிலிலும் மருந்து இல்லை. ஆடிப்பட்டத்தில் நட்டால் அதே விதை காய்க்கும்.

ஜீவாமிர்தத்துக்கு வருவோம். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் சொன்ன அளவு ஏக்கருக்கு 200 லிட்டர். ஏக்கருக்கு நூறு சென்ட். அப்படியென்றால் ஒரு சென்ட்டுக்கு இரண்டே லிட்டர்; நீங்கள் ஊற்றுவது பத்து மடங்கு. அது உரமும் அல்ல. அதிலுள்ள சத்து சொற்பம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைக் கிளப்பிவிடுவதுதான் அதன் வேலை. அவை தின்பதற்கு மண்ணில் மக்கிய பொருள் இருக்க வேண்டும். அது இல்லாத மண்ணில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றிப் பயனில்லை. மரங்களுக்கும் சேர்த்து உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: தண்ணீர் 5 லிட்டர், புதுச் சாணம் கால் கிலோ, கோமியம் கால் லிட்டர், வெல்லம் 50 கிராம், கடலை மாவோ வேறு பயறு மாவோ 50 கிராம், ரசாயனம் படாத வரப்பு மண் ஒரு சிட்டிகை. நிழலில் துணி மூடி இரண்டு நாள், காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, ஈரமான மண்ணில், 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். மூடியை இறுக்கி அடைத்து வைத்தால் காற்றில்லாமல் புளித்து நாறும். நாறியதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், குப்பைக் குவியலில் கொட்டுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கீரை மீது இந்தக் கரைசலைத் தெளிக்கவே வேண்டாம். பச்சைச் சாணத்தில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். 25 நாளில் பறித்து விற்கப் போகிற இலையில் அது படக்கூடாது. கீரைப் பாத்திக்கு நன்றாக மக்கிய உரம் மட்டும்.

சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யம் உங்கள் மாவட்டத்தின் கொடுமுடியிலிருந்து மருத்துவர் நடராஜன் பரப்பியதுதான். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, அதாவது 3 சதவீதம் என்பது வழக்கமான தெளிப்பளவு. நெய், பால், தயிர் வாங்கி ஒரு சென்ட்டுக்காக அதைத் தயாரிப்பது கட்டுப்படியாகாது. மாடு வைத்திருப்பவர் யாராவது செய்தால் அரை லிட்டர் வாங்கிக்கொள்ளலாம். அந்த நான்கு பாட்டில்களைத் தீரும்வரை வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது வேண்டாம்.

இனி அந்த மஞ்சள் துளிர். புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்று பொருள். கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன், மண்ணில் இல்லை என்று சொல்லவில்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். மண் காரத்தன்மை ஏறினால் இரும்பு வேருக்குப் பிடிபடாமல் போகும். போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்து, அதோடு அடுப்புச் சாம்பலும் சேர்ந்தால் காரம் இன்னும் கூடும். சாம்பல் அமில மண்ணுக்கு நல்ல மருந்து; உங்கள் மண்ணுக்கு அது எதிரி. முட்டை ஓடு கார மண்ணில் கரையாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். தக்காளிக் காயின் அடி கருப்பாக அழுகினால் ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளம்போல் நிரப்புகிற பாசனத்தால் வருவது.

ஒரு ஸ்பூன் உலர்ந்த மண்ணில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். இது வெறும் அடையாளம்தான். சரியான எண் வேண்டுமென்றால் மண் பரிசோதனைதான் வழி. வேளாண் துறையின் மண் ஆய்வுக் கூடத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உரம் போட்ட இடம், குப்பைக்குழி ஓரம், மரத்தடி தவிர்த்து ஐந்தாறு இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டுங்கள். வெட்டிய மண்ணை ஒதுக்கிவிட்டு, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொடுங்கள். உரச் சாக்கில் போட்டுக் கொண்டு போகாதீர்கள். பாசனத் தண்ணீர் ஒரு லிட்டரும் கூடவே கொடுங்கள். உங்கள் விஷயத்தில் மண்ணை விடத் தண்ணீர் அறிக்கைதான் அதிகம் சொல்லும்.

இப்போதைக்குத் துளிர் மஞ்சளுக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்). லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மறுமுறை. பழைய மஞ்சள் இலை முழுதாகத் தேறாது, அடுத்து வரும் துளிரைப் பார்த்துத்தான் பலனை எடைபோட வேண்டும். இது 'இயற்கை' இல்லையே என்று கேட்பீர்கள். ஒரு சென்ட்டுக்கு இரண்டு மாதத்தில் நூறு கிராமுக்குள் முடிகிற உப்புக்காகச் செடியைப் பட்டினி போட வேண்டியதில்லை. மண்ணில் மக்கிய உரம் கூடக் கூட இது தேவைப்படாமல் போகும்.

மக்கு உரம் எவ்வளவு வேண்டும்? எக்டருக்கு 25 டன் என்பது காய்கறிக்குப் பொதுவான அளவு. சென்ட்டுக்கு 100 கிலோ. உங்கள் சமையலறைக் கழிவு நாளைக்கு அரை கிலோ என்றால் ஆண்டுக்கு 180 கிலோ. அதில் பெரும்பகுதி தண்ணீர், மக்கியபின் 50 கிலோ கிடைத்தால் நல்லது. ஆக, 'வீட்டுக் கழிவே தோட்டத்துக்குப் போதும்' என்பது கணக்குக்கு ஒத்துவராது. மீதிக்கு இலைச்சருகும் சாணமும் வேண்டும். தெருவில் கூட்டிக் கொளுத்துகிற வேம்பு, புங்கஞ் சருகைச் சாக்கில் அள்ளி வையுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஆண்டுக்கு ஒரு மாட்டுவண்டி தொழுவுரம் மட்டுமே.

குவியலை முருங்கை நிழலில் போடுங்கள். கோழிவலையை ஒரு மீட்டர் அகலத்துக்கு வட்டமாக வளைத்துக் கட்டினால் கூண்டு தயார். அடியில் குச்சி, தென்னை மட்டை பரப்பினால் காற்று ஏறும். அதன்மேல் ஒரு சாண் சருகு, நாலு விரல் காய்கறிக் கழிவு, ஒரு செம்பு சாணிக் கரைசல். இப்படி அடுக்கி, மேலே எப்போதும் சருகால் மூடி வையுங்கள். சருகில் கரிமம் மிகுதி, பச்சைக் கழிவில் தழைச்சத்து மிகுதி. கரிமம் 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்று அமைந்தால் நுண்ணுயிர் வேகமாக வேலை செய்யும். கொள்ளளவில் இரண்டு மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சை என்று போட்டால் ஏறக்குறைய அதுவே வந்துவிடும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. 15 நாளுக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் கருப்பாக, மழை பெய்த மண் வாசத்தோடு இறங்கும்.

கெட்ட முட்டை வாடை வந்தால் தண்ணீர் கூடிக் காற்று போய்விட்டது: புரட்டிச் சருகு சேருங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் பச்சைக் கழிவோ சாணமோ அதிகம், அதற்கும் சருகுதான் மருந்து. இரண்டு மாதமாகியும் சருகு சருகாகவே கிடந்தால் ஈரமும் சாணமும் போதவில்லை. தடித்த சாம்பல் நிறப் புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம், அவை கழிவைத் தின்பவை. கோழிக்குப் போட்டால் விருந்து. சோறு, மீன், எண்ணெய்ப் பலகாரம் போடாதீர்கள், எலியும் அதன் பின்னால் பாம்பும் வரும். தயாரானதா என்று தெரிய, ஒரு பிடியை நனைத்துப் பிளாஸ்டிக் பையில் மூன்று நாள் இறுக்கிக் கட்டி வையுங்கள். திறந்ததும் நாறினால் இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். அரைகுறையாக மக்கியதைப் போட்டால் மண்ணில் உள்ள தழைச்சத்தை அதுவே பிடுங்கிக்கொள்ளும், கரையானும் வரும்.

இப்போது வைகாசி. உரம் தயாராகும் முன் ஆடி வந்துவிடும்; அதுவரை மக்கு உரம் என்று சொல்லும் இடத்திலெல்லாம் வாங்கிய தொழுவுரத்தைப் போடுங்கள். காய்கறி போட்டிருந்த பகுதியையும் சும்மா விடாமல் கோடை மழை ஈரத்தில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதையுங்கள். சென்ட்டுக்கு 200 கிராம் விதை. கார மண்ணையும் தாங்கி வளரும், வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். 45-வது நாள் பூவெடுக்கும் சமயத்தில் வெட்டி அதே இடத்தில் மடக்கி மூடுங்கள். தண்டு முற்றிவிட்டால் மக்க நாளாகும். பத்துப் பதினைந்து நாள் மக்கவிட்டு ஆடிக் கடைசியில் நாற்று நடலாம். நடும்போது குழிக்கு இரண்டு கைப்பிடி மக்கு உரம். புண்ணாக்கு பூக்கத் தொடங்கியபின் செடிக்கு 25 கிராம் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து மறுமுறை. இருபது செடிக்கும் பருவம் முழுக்க ஒரு கிலோ. நீங்கள் ஒரு வாரத்தில் போட்டது அது!

மண்ணின் மேல் வெள்ளைப் பூச்சு படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் அது தண்ணீர் விட்டுச் செல்லும் உப்பு. தென்னோலை, கரும்புச் சோகை எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் நீர் ஆவியாவது குறையும், உப்பும் மேலே ஏறாது. ஆர்.ஓ. எந்திரம் கழிக்கும் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடாதீர்கள். வடிகட்டிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

விற்பனைக்குக் காய்கறியை நம்பாதீர்கள். ஒரு சென்ட்டில் கத்தரி காய்த்தால் வீட்டுக்கே சரியாகப் போகும். காசாவது கீரையும் நாற்றும். ஒரு மீட்டர் அகலம் மூன்று மீட்டர் நீளத்தில் நான்கு பாத்தி. வாரத்துக்கு ஒரு பாத்தி விதைத்தால் 25-வது நாளிலிருந்து வாரம் ஒரு பாத்தி பறிக்கலாம். நான்கையும் ஒரே நாளில் விதைப்பதுதான் புதியவர்கள் செய்கிற பிழை. ஒரே வாரத்தில் அறுபது கட்டு கையில் நிற்கும், அடுத்த மூன்று வாரம் ஒன்றுமிருக்காது. வாடிக்கை வீடு அதற்குள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். பாத்திக்கு 2 கிராம் சிறுகீரை அல்லது முளைக்கீரை விதை. பத்து மடங்கு காய்ந்த மணலில் கலந்து தூவி, மெல்லிசாக உரப்பொடி மூடி, பூவாளியால் நீர் விடுங்கள். எறும்பு விதையைத் தூக்கும். பாத்தியைச் சுற்றி அரிசி நொய் தூவினால் அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கீரை என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பாத்திக்கு மூன்று கிலோ, 200 கிராம் கட்டாகப் பதினைந்து. நான்கு கட்டு வீட்டுக்கு, பதினொன்று விற்பனைக்கு. உங்கள் ஊரில் கட்டு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாரம் 165, மாதம் 660. பெரிய தொகை இல்லை. குடும்பம் நடத்தும் வருமானம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாற்று அதைவிடக் கூடுதலாகத் தரும். 98 குழிகள் கொண்ட நாற்றுத் தட்டில் நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவு உரத்தையும் சலித்த மக்கு உரத்தையும் நிரப்பி, குழிக்கு ஒரு விதை. ஆனி நடுவில் கத்தரி, மிளகாய், தக்காளி போட்டால் ஆடிப்பட்டத்துக்கு நாற்று தயார். 98-ல் 80 தேறினால் நாற்று மூன்று ரூபாய் வீதம் தட்டுக்கு 240 ரூபாய். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் உப்பால் முளை கருகும். மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். முளை வந்தபின் அடித்தண்டு சுருங்கி நாற்று சாய்ந்தால் ஈரம் அதிகம். காலையில் ஒருமுறை மட்டும் நீர் விட்டு, மாலை ஈரத்தோடு விடாமல் பாருங்கள். விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில், கிலோவுக்கு 4 கிராம் கணக்கில், புரட்டி விதைத்தால் இது வெகுவாகக் குறையும். வீரிய ஒட்டு ரகத்தின் காயிலிருந்து விதை எடுத்து நாற்று விடாதீர்கள். தாய்ச்செடி மாதிரி வராது, உங்கள் பெயர் கெடும். அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வேறு. பலகை மாட்டி நாற்றுப் பண்ணையாகவே நடத்தும் நாள் வந்தால் விதை உரிமம் வேண்டும். மக்கு உரத்தையும் பெயர் அச்சிட்ட மூட்டையில் 'உரம்' என்று விற்பது 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வரும். 'ஆர்கானிக்' என்று சீட்டு ஒட்டவும் வேண்டாம். "மருந்தடிக்காத கீரை" என்று வாயால் சொல்வது உண்மை, அதுவே போதும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. வீட்டுக்குப் பறித்த நான்கு கட்டையும் சந்தை விலையில் வரவில் எழுதுங்கள். 'காசைக் கரைக்கிறாய்' என்பதற்கு வாய்ப்பேச்சில் பதில் சொன்னால் சண்டைதான் வரும். மூன்று மாதம் கழித்து நோட்டைக் காட்டுங்கள். அதில் முதல் வரவாக எது நிற்கும் தெரியுமா? மாதம் நான்கு கிலோ புண்ணாக்கு, முக்கால் கிலோவுக்கு மேல் வெல்லம், அதே அளவு கடலை மாவு, ஊக்கி பாட்டில்கள். இவை நின்ற மிச்சம் கீரைக் காசுக்குக் குறையாது.

விற்ற காசை வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்காதீர்கள். அரிசி டப்பாவில் போடுகிற காசு அரிசிக்கே போய்விடும். உங்கள் பெயரில் அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு, மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து ஆண்டு. பன்னிரண்டு தவணை கட்டியபின், கட்டிய தொகையில் பாதிவரை கடன் எடுக்கலாம். அவசரத்துக்கு வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. 660-ல் 300 அங்கே, 200 விதைக்கும் தட்டுக்கும், மீதி கையிருப்பு. கீரை வராத மாதமும் தவணை கட்ட வேண்டும் என்பதால் இரண்டு மாதத் தவணையை எப்போதும் கையில் வைத்திருங்கள். பதிவில்லாத ஏலச்சீட்டில் கூடுதலாக வரும் என்று ஆள் வருவார்கள். முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

விலை சொல்லும் சங்கடம் கொங்கு நாட்டில் உங்களுக்கு மட்டுமானது இல்லை. வீட்டு வாசலுக்கு வந்தவரிடம் காசு கேட்பது முறையாகாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த முறையை முழுதாக உதற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாம்பழக் காலத்தில் கூடை அனுப்பும் வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவரும் பெரியம்மா, இப்படி இரண்டு மூன்று வீடு இருக்கும். அவர்களுக்கு வாரம் ஒரு கட்டு சும்மாவே கொடுங்கள், நோட்டில் 'முறை' என்று எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலை நீங்களே முன்கூட்டி முடிவு செய்திருந்தால், மற்றவர்களிடம் விலை சொல்வது எளிதாகிவிடும். எல்லாருக்கும் சும்மா கொடுத்து, யாருக்கும் மனசாரக் கொடுக்காத நிலைதான் மோசம்.

ஒரு சிலேட்டில் "கீரை கட்டு 15 ரூபாய், புதன், சனி காலை 7 முதல் 8" என்று எழுதி வாசல் படியில் வையுங்கள். விலையை நீங்கள் சொல்லும் முன் சிலேட்டு சொல்லிவிடும். "எவ்வளவுங்க?" என்று கேட்டால் "கட்டு பதினஞ்சுங்க அக்கா" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். "உங்களுக்குத் தோணறதைக் குடுங்க" என்ற வாலைச் சேர்க்காதீர்கள். அது வாங்க வந்தவரையும் சங்கடத்தில் மாட்டும். சொல்லிவிட்டுக் கட்டை எடுத்துக் கையில் கொடுங்கள், கைக்கு வேலை இருந்தால் வாய் தடுமாறாது. பேரம் பேசினால் விலையைக் குறைக்காமல் கறிவேப்பிலை ஒரு கொத்து சேர்த்துக் கொடுங்கள். கடன் சொன்னால் அவர் கண்ணெதிரே நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை, "போன வாரத்துக் கணக்கு முப்பது இருக்குதுங்க, இதையும் சேத்து நாப்பத்தஞ்சுங்க" என்று கட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் தராதவருக்கு மூன்றாவது வாரம், "பழசு முடிச்சுட்டு எடுத்துக்கலாங்க அக்கா." இந்த வாக்கியங்களைச் சமையலறையில் தனியாக நின்று வாய்விட்டு நாலு தரம் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வரும், வாசலில் தடையில்லாமல் வரும்.

குழுக் கூட்டத்தில் குரல் நடுங்குவது பெரும்பாலும் மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு பேசத் தொடங்குவதால். எழுந்ததும் மூச்சை வெளியே விட்டுவிட்டு முதல் சொல்லைச் சொல்லுங்கள். கடைசியில் பேசலாம் என்று காத்திருக்காதீர்கள், காத்திருக்கும் நேரமெல்லாம் பயம் வளரும். கூட்டம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள்: "போன மாசம் வட்டி எவ்வளவு வரவுங்க?" அது போதும். அடுத்த மாதம் தீர்மானப் புத்தகத்தை வாசிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். எழுதியிருப்பதை வாசிப்பதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டாம். பத்துப் பேர் முன் உங்கள் குரல் உங்களுக்கே பழகும். ஆடியில், உங்கள் நாற்றுத் தட்டைக் கூட்டத்துக்கே எடுத்துப் போய் விலை சொல்லுங்கள். தெரிந்த பொருளைப் பற்றிப் பேசும்போது நடுக்கம் குறையும்.

கூட்டத்தை நினைத்தாலே தூக்கம் போகிறது, சாப்பாடு இறங்கவில்லை, வெளியே போவதையே தவிர்க்கிறேன் என்று வாரக்கணக்கில் நீண்டால் அது கூச்சத்தைத் தாண்டியது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கடைசியாகக் கடன். 20,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் இருபது மாதத்தில் அடைப்பதாக வைத்தால் முதல் மாதம் அசல் 1,000, வட்டி 200. கீரைக் காசு 660. மீதி 540 எங்கிருந்து வரும்? வீட்டுக்காரர் பையிலிருந்து. அவர் சொன்ன சொல்லை நீங்களே மெய்யாக்கிவிடுவீர்கள். மண்புழுத் தொட்டி இப்போது தேவையில்லை. 35 டிகிரிக்கு மேல் புழுவைக் காப்பாற்றுவதே தனி வேலை, மேலே சொன்ன குவியலே உங்களுக்குப் போதும். நிழலுக்கு நான்கு கம்பு நட்டுத் தென்னங்கீற்றை இடைவெளி விட்டுப் பரப்பினால் நாலு தட்டு நாற்றுக்குத் தாராளம். ஆடி, தை என இரண்டு பட்டத்திலும் தட்டு மிச்சமில்லாமல் விற்று, வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தால், 50 சதவீத நிழல்வலைக்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டு, அந்தத் தொகைக்கு மட்டும் குழுவில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தோடு அந்த நோட்டையும் வையுங்கள். மண், தண்ணீர் அறிக்கைகள் வந்ததும் பி.எச். (அமில, கார அளவு), மின் கடத்துத்திறன் (உப்பின் அளவு), அங்ககக் கரிமம் (மக்கிய பொருளின் அளவு) என்ற மூன்று எண்ணையும் எழுதி அனுப்புங்கள், பி.எச். எட்டரையைத் தாண்டியிருந்தால் தக்கைப்பூண்டு மட்டும் போதாது, ஜிப்சம் அளவு கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.